பொன்னம்பலம் பார்த்த இடம்

உரும்பிராய் கிழக்கு,
19.02.1995

அன்புள்ள செபநாயகம் அறிய,

குணலட்சுமியும் நானும் இருக்கிறோம். நீரும் றோசும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக நமக்குள் கடிதம் இல்லை. யார் முதலில் நிறுத்தியது என்று இப்போது பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன், நீர்தான்.

பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகிறார், அங்கே முத்திரை ஒட்டிப் போடுவார். உமது விலாசத்தைக் குருநகருக்குப் போய் உமது தமையன் யாகப்புவிடம் வாங்கினேன். தரும்போது, "என்ன ஐயா, வழக்குக் கிழக்கோ" என்று கேட்டார். பழைய வழக்குத்தான் என்றேன். மனிதன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

இங்கே சண்டை நிறுத்தம் என்கிறார்கள். சவர்க்காரம் கண்ணில் படுகிறது. மண்ணெண்ணெய் இன்னும் போத்தல் கணக்குத்தான். வெங்காயத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மெசினால் இறைக்கிறேன், மற்ற நாட்களில் வாளியால் அள்ளி ஊற்றுகிறேன். ஐம்பத்தாறு வயதில், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்த ஒருவன் செய்யும் வேலை இது. சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று என் சம்பள உயர்வை நிறுத்தி வைத்தவர்கள் எல்லோரும் இப்போது ஓய்வூதியத்தோடு கொழும்பில் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் கரவெட்டியில் இருந்து நடராசா என்றொரு பெரியவர் சைக்கிளில் வந்தார். இளைப்பாறிய தபாலதிபர். மகனுக்குப் பெண் பார்க்கிறார். உமது ஆட்களிடம் எப்படியோ தெரியாது, எங்களுடைய ஆட்கள் சாதகம் பொருந்தினாலும் பெண் வீட்டுப் படலையைத் திறக்க முன்னர் அயலில் விசாரிப்பார்கள். கொஞ்சம் படித்தவன், வாயை அளந்து திறப்பவன் யார் என்று கேட்டு, அவன் வீட்டுக்கு வந்து, மழையைப் பற்றிக் கதைத்து, வெங்காய விதையைப் பற்றிக் கதைத்து, எழும்பும் நேரத்தில் கேட்பார்கள். அப்போது சொல்லப்படும் ஒரு வசனத்தில் கலியாணம் நிற்கும், அல்லது விழும்.

அவர் விசாரிக்க வந்த பெண் கமலாவதி. பொன்னம்பலத்தின் மகள்.

பொன்னம்பலத்தை நீர் மறந்திருக்க மாட்டீர். என் மாமியின் மகன், என் மச்சான், என் பங்குக் கிணற்றில் பாதிக்காரன். என் கையால் செத்தவன். அவன் செத்தபோது கமலாவதிக்குப் பத்து வயது. வழக்கு முடிந்த கிழமையே அவன் பெண்சாதி அருமைநாயகி மகளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊரான மீசாலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை.

நடராசா எழும்பும் நேரத்தில் கேட்டார். "பெட்டை நல்ல பெட்டை எண்டு எல்லாரும் சொல்லுகினம். தகப்பன்ரை விசயம்தான் மனதுக்கை கிடக்கு. வெட்டப் போய்ச் செத்தவர் எண்டு ஒரு கதை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம், அந்த இடத்திலை நிண்டவர் நீங்கள். உங்களிட்டைக் கேக்கிறது முறையில்லைத்தான். ஆனால் வேறை ஆரிட்டைக் கேக்கிறது?" நான் அவருடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "கோட்டு வழக்கிலை அப்பிடித்தான் தீர்ந்தது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மிச்சத் தேத்தண்ணீரையும் பனங்கட்டியையும் மரியாதைக்கு முடித்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமையில் பேச்சுக் குழம்பிவிட்டது. கோபம் இரத்தத்தில் வருமாம், தகப்பன் மண்வெட்டி எடுத்த வீட்டில் மகள் அகப்பையாவது எடுப்பாளாம். இப்படி ஏதோ சொன்னார்களாம். குணலட்சுமிதான் இதைக் கேட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து சோறு போட்டிருக்கு, தண்ணி வைச்சிருக்கு என்ற அளவில்தான் என்னோடு கதைக்கிறாள். அருமைநாயகி அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்பது உமக்குத் தெரியும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்றேன். "ஓம், நீங்கள் எப்பதான் பொய் சொன்னனீங்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனாள்.

கூடவே அருமைநாயகி ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தாள். "அண்ணையிட்டை ஒண்டே ஒண்டைக் கேட்டுச் சொல்லச் சொல்லு. அண்டைக்கு இவர் மண்வெட்டியைத் தூக்கேக்கை எங்கை பார்த்தவர்?"

இந்தக் கேள்வி உமக்கும் புதிதல்ல. எண்பத்து நாலாம் ஆண்டு தீர்ப்புச் சொன்ன அன்று நீதிமன்ற விறாந்தையில் அவள் என் முன்னால் வந்து நின்று கேட்டது இதே கேள்விதான். அவள் ஏசவில்லை, மண் அள்ளித் தூற்றவில்லை. கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். எனக்காக வழக்காடிய நீர் என் முழங்கைக்கு மேலே பிடித்து, "வாரும், கார் நிக்குது" என்று இழுத்துக்கொண்டு போனீர். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது, செபநாயகம்.

அந்தக் காலையை உமக்கு மீண்டும் ஒருமுறை எழுதப் போகிறேன். நீர் அதை நீதிமன்றத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்துவிட்டீர். எனக்கு அது பழைய அளவில் வேண்டும்.

பங்குக் கிணற்றில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது வரை அவன் முறை, பிறகு என் முறை. எங்கள் அப்பு காலத்தில் மணி பார்க்கிற வழக்கம் கிடையாது. முறை முடிந்தாலும் தொட்ட வரிசையை நனைத்து முடித்த பிறகுதான் தண்ணீர் மாறும், அதுதான் வழக்கம். அதை மாற்றியவன் நான். கந்தோரில் இருந்து வந்தவன் அல்லவா, ஒன்பது என்றால் ஒன்பது என்று ஒரு தாளில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன். வாசிக்காமலே போட்டான். "மச்சான் எழுதினால் பிழைக்குமே" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பகிடி எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பகிடி என்றுதான் எடுத்தேன். பதவி உயர்வு இல்லாமல் வேலையை விட்டு வந்த நாளில் இருந்து அவன் சிரித்ததை எல்லாம் அப்படித்தான் எடுத்தேன்.

அன்று ஒன்பது மணிக்கு அவனுக்கு ஒரு வரிசையில் ஐந்து பாத்தி மிச்சம். வெங்காயம் காய் முற்றும் நேரம், பங்குனி வெயில். ஐந்து பாத்திக்குப் பத்து நிமிடம் போதும். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வாய்க்காலில் அவன் பக்கத்தை மண் போட்டுக் கட்டினேன், என் பக்கத்தை வெட்டிவிட்டேன். தண்ணீர் நின்றதைக் கண்டு அவன் தோட்டத்துக் கடைசியில் இருந்து கத்திக்கொண்டு வந்தான். "கந்தோரிலை மணி அடிச்சது காணாதெண்டு தோட்டத்திலையும் மணி அடிக்க வந்திட்டானடா" என்றான். அடுத்த தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பராசக்தி சிரித்தாள். நான் கட்டின மண்ணின் மேல் என் வலது காலைத் தூக்கி வைத்தேன்.

அவன் மண்வெட்டியை ஓங்கினான். என் கையிலும் மண்வெட்டி இருந்தது. நான் அதன் பின்பக்கத்தால் அவன் நெற்றிப் பக்கத்தில் அடித்தேன். ஒரே அடி. அவன் மண்வெட்டி விழுந்து என் புறங்காலை வெட்டியது. மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டான்.

நீர் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நீதிபதிக்குக் காலைக் காட்ட வைத்தீர். நாலு தையல். அவன் வெட்டினான் என்பதற்கு அதுதான் சாட்சி என்றீர். பராசக்தியும் அவர் ஓங்கிக்கொண்டு ஓடிவந்தவர் என்றாள், அது உண்மை. அவர் ஓங்கினாரா என்று என்னிடம் கேட்டார்கள், ஓம் என்றேன். பயந்தீரா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். இரண்டும் உண்மை. உயிருக்கு அஞ்சிய மனிதன் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று நீதிபதி எழுதினார். நல்ல வசனம். மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த ஒருவரும் வாய்க்கால் வரம்பில் நின்றவர் இல்லை. நீதிபதி பட்டணத்தார். அரச சட்டவாதி கொழும்பில் படித்தவர். நீர் கடற்கரை. வாய்க்காலில் கட்டின மண்ணை வெட்டித் தண்ணீர் மாறுகிற எவனும் மண்வெட்டியை ஓங்கித்தான் மாறுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளை வெட்ட ஓங்குகிறவன் முகத்தைப் பார்ப்பான். வாய்க்கால் கட்டு வெட்ட ஓங்குகிறவன் மண்ணைப் பார்ப்பான். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி, மேல் நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அவன் மண்ணைத்தான் பார்த்தான். வழக்குக்கு முன்பு உமது கந்தோரில் வைத்து இதை உமக்குச் சொன்னேன். நீர் பேனையை மூடி மேசையில் வைத்தீர். "அது உம்முடைய அபிப்பிராயம். கேட்டால் சொல்லும். கேளாமல் சொல்லாதையும்" என்றீர். கேட்கவில்லை. சொல்லவில்லை. என்னை விடுதலை செய்த அதே வாயால் அவர்கள் பொன்னம்பலத்தைத் தீர்த்தார்கள். கொல்ல வந்தவன் என்று. அவனுக்கு வாதாட ஒரு அப்புக்காத்து இல்லை, மேன்முறையீடும் இல்லை. இப்போது அந்தத் தண்டனை அவன் மகளிடம் வந்து நிற்கிறது.

நான் உம்மிடம் கேட்பது சட்டம்தான். இன்றைக்கு நான் போய் இதைச் சொன்னால் அந்த வழக்கு மீண்டும் எழும்புமா? என்னை மறுபடி கொண்டு போவார்களா? இங்கே இப்போது இயக்கத்தாரின் வேறு நீதிமன்றமும் வேறு சட்டமும் இருக்கிறது, அதையும் யோசித்துப் பதில் எழுதும். அருமைநாயகிக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

உமது பதிலைப் பார்த்திருக்கும்,
க. சிவக்கொழுந்து

ஒன்று எழுத மறந்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் அந்தக் கிணற்றில் அள்ளுவதில்லை. யாராவது கேட்டால் முதுகு நோகுது என்பேன்.


உரும்பிராய் கிழக்கு,
28.06.1995

அன்புள்ள செபநாயகம் அறிய,

உமது கடிதம் மூன்று மாதம் அலைந்து வந்து சேர்ந்தது. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டதால் உறை கிழிந்து, ஒரு மூலை நனைந்து வந்தது. எழுத்து மட்டும் பழையபடி முத்துமுத்தாக இருக்கிறது. கடையில் இரவு வேலை செய்கிறீர் என்றும் அங்கே சட்டப் படிப்பை எண்ணமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர். எனக்கு அனுதாபம் வரவில்லை. பிறகு கொஞ்சம் வந்தது.

ஒரு குற்றத்துக்கு ஒருவனை இரண்டு தரம் விசாரிக்க முடியாது, நீர் இனிக் கூரை மேல் ஏறி நின்று சொன்னாலும் சட்டம் உம்மைத் தொடாது என்று எழுதியிருக்கிறீர். சந்தோசம். அதன் கீழே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீரே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் உண்மையாகவே பயந்தேன், பயம் வந்தால் அது தற்காப்பு, அதற்கு மேலே தோண்டுவது வயசு போகப் போக எல்லோருக்கும் வருகிற வருத்தம் என்கிறீர். செபநாயகம், நான் பயந்ததை மறுக்கவில்லை. மண்வெட்டி எழும்பினால் எந்த உடம்பும் பயப்படும். ஆனால் என் உடம்பு பயந்த நேரத்தில் என் கண் அவன் கண்ணைப் பார்த்தது. அது கீழே, என் காலடி மண்ணில் இருந்தது. காலை இழுத்திருக்கலாம். ஒரு சாண் போதும். இழுத்தால் அவன் நான் கட்டின மண்ணை வெட்டுவான், தண்ணீர் அவன் பக்கம் போகும், பராசக்தி இன்னொருமுறை சிரிப்பாள். அதற்காகத்தான் இழுக்கவில்லை. பயம் அரைவாசி, மிச்சம் கச்சேரியில் இருபது வருடம் நான் விழுங்கியது எல்லாம். அவன் அதற்கு ஒரு குற்றமும் செய்யாதவன். சட்டத்துக்குப் பயம் ஒன்று இருந்தால் போதும், அதோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று அது முகர்ந்து பார்ப்பதில்லை. அது சட்டத்தின் பிழை என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவ்வளவுதான் மூக்கு.

செத்தவனுக்கு இதனால் என்ன லாபம் என்றும் கேட்டிருக்கிறீர். கமலாவதிக்கு இருபத்திரண்டு வயது. நான் சாகவில்லை, அவளும் சாகவில்லை. லாபத்தை அங்கே பாரும்.

இவ்வளவும் எழுதுகிறவன் மீசாலைக்குப் போனானா என்று கேட்பீர். போகவில்லை. வைகாசியில் ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடித்து நாவற்குழிப் பாலம் வரைக்கும் போனேன். வெயில் கூட என்று திரும்பிவிட்டேன். குணலட்சுமி சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

மக்டலீனுக்குச் சம்பந்தம் பேசுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர். சந்தோசம். சின்னப் பிள்ளையாக உமது கந்தோர் வாசலில் எங்கள் செருப்புகளைச் சோடி மாற்றி வைத்துவிட்டு ஒளித்து நின்று பார்ப்பாளே, அவளா.

இப்படிக்கு,
க. சிவக்கொழுந்து


மீசாலை,
14.12.1995

அன்புள்ள செபநாயகம் அறிய,

மேலே ஊரைப் பார்த்தவுடன் உமக்கு விளங்கியிருக்கும். ஒக்டோபர் முப்பதாம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்ததை நீர் வானொலியில் கேட்டிருப்பீர். அதை எழுத என்னிடம் தாளும் இல்லை, மனமும் இல்லை. மழை, சனம், பாலம். ஒரு இரவும் அரைப் பகலும் நின்று நின்று வந்தோம். குணலட்சுமி ஒரு உரப்பையையும் நான் சைக்கிளையும் கொண்டு வந்தோம்.

சாவகச்சேரியில் பள்ளிக்கூடம், கோயில், மரநிழல் எல்லாம் நிரம்பிவிட்டது. நான் ஒரு கடைத் தாழ்வாரத்தைப் பார்த்து நின்றேன். குணலட்சுமி நிற்கவில்லை. பின்னால் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தாள். எங்கே போகிறாய் என்றேன். "எனக்குத் தங்கச்சி வீடு இருக்கு. உங்களுக்கு வேணுமெண்டால் வாங்கோ" என்றாள். பத்து மாதத்தில் என்னோடு அவள் கதைத்த நீளமான வசனம் அதுதான். நான் பின்னால் போனேன்.

அருமைநாயகியின் காணியில் ஏற்கெனவே நாலு குடும்பம் இருந்தது. அவள் படலையில் நின்று எங்களைக் கண்டாள். குணலட்சுமியைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். என்னை வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. படலையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனாள். மாட்டுக் கொட்டிலின் ஒரு பக்கத்தைச் சாக்கால் மறைத்து எங்களுக்குத் தந்தாள். முதல் நாள் நான் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. தெருவுக்குப் போய்ப் பொதுக் கிணற்றில் குடித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடம் நன்மை தின்மைக்குப் போகாத வீடு. அங்கே எந்த முகத்தோடு செம்பைத் தூக்குவது?

நாலாம் நாள் மத்தியானம். நடந்த நடையில் என் கால் வீங்கிப் போயிருந்தது. கமலாவதி ஒரு சட்டியில் சுடுதண்ணீரும் உப்பும் கொண்டு வந்து, "மாமா, காலை வையுங்கோ" என்றாள். பிள்ளை தகப்பனைப் போலவே உயரம். தாயோடு சேர்ந்து கத்தரித் தோட்டம் செய்கிறாள், கிணற்றில் அள்ளி அவளே தண்ணீர் மாறுகிறாள். வந்த நாளில் இருந்து என் முன்னால் மரியாதையாகத்தான் நடந்தாள். தாய் அவளுக்கு என்னைப் பற்றி எவ்வளவு சொல்லி வளர்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான்தான் அடித்தவன் என்பது தெரியும். அதற்கு மேல் ஊர் சொன்னதுதான்.

நான் காலைச் சட்டியில் வைத்தேன். அவள் குனிந்து என் புறங்காலில் இருந்த தழும்பைப் பார்த்தாள். சிரித்தாள். "என்ன மாமா, நீங்களும் வாய்க்காலுக்கை காலை வைச்சுக்கொண்டே மண் வெட்டினனீங்கள்? கந்தோர்க் கால், பழக்கமில்லைப் போலை" என்றாள். தன் இடது காலை நீட்டிக் காட்டினாள். அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கோடு, என்னுடையதில் பாதி நீளம். "எனக்கும் பட்டது, போன வருசம். கட்டு வெட்டேக்கை காலை எடுக்க மறந்தால் இப்பிடித்தான்."

அருமைநாயகி கொஞ்சம் தள்ளியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. "அது உன்ரை அப்பா வெட்டினது, பிள்ளை" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்றாம் முறையாகக் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் உமது கை என் முழங்கைக்கு மேலே இல்லை.

சொன்னேன். அவன் மண்ணைத்தான் பார்த்தவன் என்றேன். என் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை, நான் காலை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை என்றேன். கரவெட்டியாருக்கு நான் சொன்ன வசனத்தையும் சொன்னேன். சட்டியில் தண்ணீர் ஆறும் வரைக்கும் சொன்னேன்.

அருமைநாயகி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப அவர் தண்ணி மாறத்தான் வந்தவர்" என்றாள், எனக்கல்ல, மகளுக்கு. "ஐஞ்சு பாத்தி" என்றாள். பிறகு சுளகை எடுத்தாள். அன்று பின்னேரம் எனக்கும் ஒரு கோப்பையில் சோறு வந்தது, பக்கத்தில் செம்பில் தண்ணீர். குடித்தேன். மன்னித்துவிட்டாள் என்று நீர் நினைக்க வேண்டாம். அந்தக் காணியில் இருபத்து மூன்று பேருக்கு அன்று சோறு வந்தது.

கமலாவதி சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. தேத்தண்ணீர் கொண்டு வருகிறாள். முன்பு கையில் தருவாள், இப்போது நிலத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

போன கிழமை நான் கொடிகாமத்தால் போய்க் கரவெட்டியில் நடராசாவின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். மகனுக்கு இன்னும் ஒழுங்காகவில்லையாம். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பெண்ணில் இன்னும் மனம் இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். பெரியவர் கதிரை போட்டார். நான் மழையைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக, விட்டுப் போகாமல், அறிக்கை எழுதுவது போலச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டினேன். மனிதன் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்ப எங்கை ஐயா இருக்கிறியள்?"

மீசாலையில் என்றேன். மீசாலையில் எங்கே என்றார். சொன்னேன்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். "இடம்பெயர்ந்த நேரத்திலை ஆளுக்கு ஆள் உதவிதானே. நீங்களும் செய்யத்தானே வேணும்" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளை மிதிக்க முடியாமல் இருந்தது. தையில் என் வீட்டில், என் கதிரையில் இருந்து நான் சொல்லியிருந்தால் அது சத்தியம். மார்கழியில் அவளுடைய கொட்டிலில் இருந்துகொண்டு சொன்னால் வாடகை.

ஆகவே உமக்கு எழுதுகிறேன். சட்டம் கேட்டு அல்ல.

நான் இதை முதலில் சொன்னது இன்றைக்கு அல்ல. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணியில் உமது கந்தோரில், உமக்கு முன்னால், நாம் இருவர் மட்டும் இருக்கும்போது சொன்னேன். அப்போது நான் யாருடைய கூரைக்குக் கீழும் இருக்கவில்லை. அதைச் சொல்லி எனக்கு வரக்கூடியது நட்டம் ஒன்றுதான். நீர் பேனையை மூடியதற்கு உம்மை விட வேறு சாட்சி இல்லை. அந்த ஒரு நாளை நடராசாவுக்கு எழுதும். பொன்னம்பலம் மண்ணைப் பார்த்துத்தான் ஓங்கினான் என்று கட்சிக்காரன் தானாக என்னிடம் சொன்னான், கேட்கப்படாததால் அது நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று எழுதும். வடமராட்சியில் உமது பெயர் இன்னும் எடுபடும். பழைய தலைப்புத் தாள் ஒன்று உம்மிடம் மிச்சம் இருந்தால் அதில் எழுதும், இல்லாவிட்டால் வெறும் தாளில் எழுதும். விலாசம் கீழே இருக்கிறது.

கட்சிக்காரன் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது உமது தொழில் தர்மம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டை நான் அவிழ்த்துவிடுகிறேன், இந்தக் கடிதமே சாட்சி. உமது மரியாதைக்குப் பங்கம் வரும் என்று நினைத்தால் என்னைப் பற்றி நீர் எதை வேண்டுமானாலும் எழுதும். நான் உம்மிடம் மறைத்தேன் என்று எழுதும், பாதி சொன்னேன் என்று எழுதும். நான் மறுக்க மாட்டேன். உம்மோடு எனக்கு இருந்த வழக்கு எல்லாவற்றையும் இத்தோடு முடித்துக்கொள்கிறேன், முழங்கையும் உட்பட.

பதில் எனக்கு எழுத வேண்டியதில்லை. நேரே கரவெட்டிக்கு எழுதும். இங்கே நாங்கள் எத்தனை நாள் இருப்போம், அதற்குப் பிறகு எங்கே போவோம் என்று தெரியாது. நாளைக்குக் கிளாலியால் வன்னிக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். போய்ச் சேர வேண்டும்.

குணலட்சுமி றோசைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். மக்டலீனின் கலியாணம் தை மாதம் என்று உமது அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தீர். நாங்கள் இருவரும் இங்கிருந்தே வாழ்த்துகிறோம். அவளைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள், என்னைப் போல அல்லாத நல்ல மனிதன் ஒருவனிடம் விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
க. சிவக்கொழுந்து

விலாசம்: வே. நடராசா, இளைப்பாறிய தபாலதிபர், கரவெட்டி.